அரைப்பேர்

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு நம் அகராதிகள் கூறாத ஒரு பொருள் உண்டு. அங்கே பேர் என்பது ஒரு நாள் உழைப்பு. காலையிற் பிரட்டுக் களத்தில் ஆளெண்ணி, மாலையிற் கொழுந்து நிறுத்து, செக்ரோலில் அடையாளம் விழுந்தால் அன்றைக்கு ஒரு பேர். விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்துவிட்டால் அரைப்பேர். நாள் முழுவதும் மலையேறி இறங்கியவள் பாதி நாள் மாத்திரமே உழைத்தாள் என்று கணக்கு எழுதப்படும். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற எனக்கு இச்சொல்லின் கனத்தை உணர்த்தியவன் பதினைந்து வயது மாணவன் ஒருவன்.

கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையிலே தமிழ் கற்பிப்பவன் நான்; வசிப்பது வெள்ளவத்தையில். சென்ற ஆண்டு எங்கள் முத்தமிழ் விழாவுக்கு வில்லுப்பாட்டொன்று தயாரிக்க எண்ணியிருந்தேன். மாணவர்களோ, "ராப் செய்வோம் சேர்" என்றார்கள். அவர்களுள் ஒருவன் மறுநாள் அப்பியாசக் கொப்பியில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். தகப்பன் ஆமர் வீதியில் ஒரு களஞ்சியத்திற் சுமை தூக்குபவர். தகப்பனின் தாய் இன்னும் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் இருக்கிறாள். அவள் பாடிய தாலாட்டும், கங்காணியைக் குறித்து அவள் சொல்லும் வசைமொழிகளும், பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பியபோது அவள் அழுத அழுகையும் அந்த நான்கு பக்கங்களில் துள்ளிக்கொண்டிருந்தன.

நான் அதைத் திருத்தினேன். ஆம், திருத்தினேன் என்றே அன்று எண்ணினேன். தோட்டப் பேச்சு சபைக்கு ஒவ்வாது என்று சொற்களை மாற்றினேன். எழுதியவனின் உச்சரிப்புத் தெளிவில்லை என்று கூறி, பேச்சுப் போட்டிகளிற் பரிசு பெற்ற வேறொரு மாணவனைப் பாடவைத்தேன். எழுதியவனை மேடையோரத்திலே தப்படிக்க நிறுத்தினேன். நிகழ்ச்சி நிரலிற் பாடியவன் பெயர் இருந்தது. நெறியாள்கை என்று என் பெயரும் இருந்தது. சபை எழுந்து நின்று கரகோஷம் செய்தது. மறுநாள் இடைவேளையில் அவன் வந்து நின்றான்.

"அப்பாயி பேரு எங்கயும் வரலியே, சேர்."

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது, அது மக்கள் அனைவருக்கும் பொதுவான சொத்து என்று நான் படித்ததைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் யோசித்தான்.

"அப்போ அரைப்பேர்கூட இல்லீங்களா, சேர்?"

அந்த வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. ஒரு பாட்டு யாருடையது? பட்ட துயரம் ஒருவருடையதாகவும், கட்டிய சொல் இன்னொருவருடையதாகவும், மேடையில் நின்ற உடல் மற்றொருவருடையதாகவும் இருக்கும்போது, கரகோஷம் யாருக்கு உரியது?

மாணவர்கள் விரும்பிய அந்தக் கலையின் வரலாற்றையே முதலிற் பார்ப்போம். இவ்வினா அதன் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

1973 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் திகதி, நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூவின் 1520 ஆம் இலக்க மாடிக் குடியிருப்பிலே ஒரு விருந்து நடந்தது. பாடசாலை திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதற்கு ஓர் இளம்பெண் ஏற்பாடு செய்த விருந்து அது. அவளுடைய தமையன் கிளைவ் கம்பெல், ஜமேக்காவிலிருந்து குடியேறிய பதினெட்டு வயது இளைஞன், இசைத்தட்டுகளைச் சுழற்றினான். கூல் ஹேர்க் என்னும் பெயரால் உலகம் அவனைப் பின்னர் அறிந்தது. ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழற்பொறிகளில் வைத்து, பாட்டு ஓய்ந்து மத்தளம் மாத்திரம் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து நீட்டினான். அந்த நீட்சியிலே இளைஞர்கள் ஆடினார்கள். ஒலிவாங்கியைப் பிடித்தவன் எதுகை தொடுத்துப் பேசினான். நெடுஞ்சாலை அமைப்பதற்காகக் குடியிருப்புகள் பிளக்கப்பட்ட பகுதி அது. அந்த ஆண்டுகளிலே தீயுண்ட கட்டடங்கள் நிறைந்த பகுதி. வாத்தியம் வாங்கப் பணமில்லாதவர்கள் பிறர் இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள்.

ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வரை இக்கலை பெரும்பாலும் ஆற்றுகையாகவே வாழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பூங்காக்களிலும் கூடங்களிலும் அது நிகழ்ந்தது. நிகழ்ந்து முடிந்ததும் கலைந்தது. ஆங்கே சொல்லையும் சொன்னவனையும் பிரிக்க இயலாது. பிறனுடைய வரியைத் தன்னுடையதென்று ஒருவன் சொல்லியிருந்தால், அதே தெருவில் நின்றவர்கள் அவனை நகைத்து இறக்கியிருப்பார்கள். சபையே சாட்சி, சபையே நீதிமன்றம்.

1979 இல் இசைத்தட்டு வந்தது. 'ஷுகர்ஹில் காங்' என்ற குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' உலகெங்கும் இக்கலையை அறிமுகப்படுத்தியது. அக்குழுவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூவருள் ஒருவர் நியூ ஜேர்சியில் பீட்சாக் கடையொன்றில் வேலை செய்தவர். தமக்கெனப் பாட்டு வரிகள் இல்லாத அவர், பிரொங்ஸ் மேடைகளிற் புகழ் பெற்றிருந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் குறிப்புப் புத்தகத்திலிருந்து வரிகளைப் பெற்றுப் பாடினார். பாடியவர் அவற்றில் வந்த பெயரைக்கூட மாற்றவில்லை. காஸ் தம் புனைபெயரை எழுத்தெழுத்தாகக் கூறிப் பெருமிதம் கொண்ட பகுதி அப்படியே இசைத்தட்டில் ஏறிவிட்டது. உலகம் முழுவதும் அந்த எழுத்துகளை உச்சரித்தது. ஆயினும் இசைத்தட்டின் மேல் அவர் பெயர் அச்சாகவில்லை. பணமும் அவருக்குச் சேரவில்லை. தோட்டத்து மொழியிற் சொன்னால், பாட்டுக்குள்ளே பெயர் இருந்தது. செக்ரோலிற் பேர் விழவில்லை.

மூன்று ஆண்டுகளின் பின் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. சேரிவாழ்வின் அவலத்தை உரைத்த 'த மெசேஜ்' 1982 இல் 'கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் அண்ட் த பியூரியஸ் பைவ்' என்ற குழுவின் பெயரால் வெளிவந்தது. ஆனால் அதை எழுதியவர்களில் முதன்மையானவர் அக்குழுவிலேயே இல்லாத எட் பிளெச்சர் என்னும் இசைஞர். குழுவினருள் மெல்லி மெல் ஒருவரே அவரோடு சேர்ந்து எழுதிப் பாடினார். எவருடைய பெயர் முன்னின்றதோ அந்த பிளாஷ் அப்பாட்டின் வரிகளை எழுதவுமில்லை, பாடவுமில்லை. முதலதில் உழைத்தவனுக்குப் பேர் இல்லை. இரண்டாவதில் உழையாதவனுக்குப் பேர் விழுந்தது. மேடையிலிருந்து சந்தைக்குச் சென்ற கணத்திலேயே பாட்டும் ஆளும் பிரிக்கப்படத் தொடங்கின என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இனி நம்மிடத்துக்கு வருவோம். தமிழில் இக்கலையை வேரூன்றச் செய்தவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006 இல் வெளிவந்தது. கொழும்பிலே கிறிஷான் மகேசன் போன்றோர் அதே காலத்திற் பாடினர். எனினும், ஆற்றுகை என்ற வகையில் நம் நினைவில் நிலைக்கத்தக்கது 2018 ஜனவரி 6 ஆம் திகதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்த 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் டென்மாவும் சேர்ந்து அமைத்த குழு அது. அயோத்திதாச பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தைத் தன் பெயராகக் கொண்டது. சாவு வீட்டு வாசலிலே நிறுத்தப்பட்டிருந்த பறையும் கானாவும், ராப்பும் கித்தாரும், ஒரே மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஒலித்தன. அவ்விசையை அதுகாறும் இழிவெனத் தள்ளியவர்கள் தள்ளியது ஒலியையன்று, ஒலித்த ஆட்களையே என்பது அன்று வெளிப்பட்டது.

அக்குழுவிலே பாடியவர்களுள் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' அவரை உலகறியச் செய்தது. தீ என்ற பாடகியும் அவரும் பாடினர், சந்தோஷ் நாராயணன் இசையமைப்பாளர், சொல் அறிவுடையது. அச்சொல்லின் ஊற்றோ அவருடைய பாட்டி வள்ளியம்மாள். அந்த மூதாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திரும்பியவர்.

இவ்விடத்தில் ஈழத்து வாசகன் சற்று நிற்க வேண்டும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களை, 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றனர். 1974 இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தனர். தொகைகள் எழுதப்பட்டன, பெயர்கள் கேட்கப்படவில்லை. இம்மண்ணை விட்டுப் பெட்டியோடு கப்பலேறிய தலைமுறையின் குரல், பேரனின் வாய்வழியாக இம்மண்ணுக்கே மீண்டு வந்து, வெள்ளவத்தைக் கல்யாண மண்டபங்களிற் குதூகலமாக ஒலித்தது. நாமும் ஆடினோம். எவருடைய தாகத்துக்கு ஆடுகிறோம் என்று கேட்டவர் சிலரே.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டையில் தீயையும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடியத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ற் டி போலையும் வெளியிட்டது. அவர்களுக்குப் புகழ் தேடித் தந்த பாடல்களில் அறிவின் சொல் இருந்தும், அட்டையில் அவர் இல்லை. பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்தபின் அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. மறு ஆண்டு, 2022 ஜூலை 28 இல், சென்னையில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினர். இந்தியப் பிரதமரும் தமிழக முதல்வரும் அமர்ந்திருந்த அந்த மேடையிலும் அறிவு இல்லை. பாட்டைத் தாமே ஆக்கி, எழுதி, பாடி, ஆடியதாகவும், தமக்கு எவரும் மெட்டுத் தரவில்லையென்றும் அவர் பகிரங்கமாக எழுதினார். அவர் அச்சமயம் அமெரிக்காவில் இருந்ததால் வர இயலவில்லை என்றும், ஆக்கம் மூவருக்கும் உரியது என்றும் இசையமைப்பாளர் விளக்கம் தந்தார். தாம் அறிவின் பங்கை ஒருபோதும் மறைத்ததில்லை என்றார் பாடகி.

மூவருள் எவர் சொல்வது மெய் என்று தீர்ப்பளிக்க நான் இங்கு அமரவில்லை. மாரியம்மாளும் ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டைத் தாங்கி வந்தவரே. அவர் அந்த மேடையேறியது மகிழத்தக்கதே. 2024 மார்ச்சிலே, அப்பாட்டின் வருமானம் தமக்கோ மற்ற இருவருக்கோ வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகக் கூறினார். மூன்று கலைஞர்கள் பேருக்காகத் தம்முள் வழக்காடிக்கொண்டிருந்தபோது கூலிக் கணக்கு வேறெங்கோ இருந்தது என்பதே அதன் பொருள். தோட்டத்திலும் இப்படித்தான்: தராசுக்கு முன்னே கொழுந்துக் கூடைகளை வைத்துவிட்டுப் பெண்கள் ஒருவரோடொருவர் சண்டையிடுவர், தராசு யாருடையது என்ற வினா எழாது.

நியூயோர்க்கிலும் சென்னையிலும் நடந்தவை கொட்டாஞ்சேனையில் நடந்ததற்கு ஒப்பானவை என்று சொல்லவரும்போது, கற்றறிந்த நண்பர்கள் இருவகையில் மறுப்பார்கள்.

முதல் மறுப்பு நான் மாணவனிடம் சொன்னதே: மக்கள் இலக்கியம் பொதுச்சொத்து, அதற்குப் பெயர் தேடுவது தனியுடைமை மனப்பான்மை. இவ்வாதம் முற்போக்கானது போலத் தோன்றும். ஆனால் இதனை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருந்தது. என் பெயரைப் பொதுச்சொத்தாக்க நான் முன்வரவில்லை. மூதாட்டியின் பெயரை மாத்திரம் மக்கள் கடலிற் கரைத்தேன். பெயரின்மை எல்லோருக்கும் பொதுவாக விதிக்கப்பட்டால் அது பொதுவுடைமை. ஒரு சாராருக்கு மாத்திரம் விதிக்கப்பட்டால் அது சுரண்டல். கோயிலுக்குக் கல் சுமந்தவன் பெயரற்ற 'மக்கள்'. கட்டுவித்தவன் கல்வெட்டில் அரசன்.

நம் மரபும் இவ்வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் கையிற் சில பாடல்கள் ஆக்கியோர் பெயரின்றிக் கிடைத்தன. எனினும் அப்பாடல்களுட் சிலவற்றுக்கு, பாட்டிலே ஒளிர்ந்த தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினர்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பெயர் கிட்டாவிடினும் ஆள் ஒருவர் இருந்தார் என்பதை அழிக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. இதனைப் பல்லாண்டுகள் வகுப்பிற் சுவையாக விளக்கிவந்தவன் நான். தொகுத்தோர் தாம் காணாத புலவருக்குச் செய்த மரியாதையை, என் கண்முன் நின்ற சிறுவனின் அப்பாயிக்கு நான் செய்யவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. அப்படியானால் துன்புற்றவனைத் தவிர வேறெவரும் அத்துன்பத்தைப் பாடலாகாதா? பேரன்கூடப் பாட்டியின் வாழ்வைக் கடன்வாங்கியவன்தானே? 2009 பெப்ரவரி 8 ஆம் திகதி, கிராமி விருது விழா மேடையிலே நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம் பாடினார். அந்நாட்களில் வன்னியிலே போர் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தது. சிறுவயதிலேயே நாட்டைவிட்டுப் போனவருக்கு அதைப்பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்டவர்கள் உண்டு. அந்த வினாவை ஏற்றுக்கொண்டால், கலையே இயலாததாகிவிடும். பிறர் துயரைத் தன் துயராகக் கொள்ளும் ஆற்றலை மறுத்துவிட்டு இலக்கியம் எதற்கு?

ஆகவே, பாடும் உரிமையைத் துன்பத்தின் அளவுகொண்டு நிறுக்க இயலாது. வேறோர் அளவுகோல் வேண்டும். ஒடுக்கப்பட்டோரின் பாட்டு ஒரு வாக்குமூலம் என்று கொண்டால் அது புலப்படும். வாக்குமூலத்தை ஒருவர் சார்பில் இன்னொருவர் வாசிக்கலாம், அதிலே தவறில்லை. ஆனால் யாருடைய வாக்குமூலம் என்பதை நீக்கிவிட்டு வாசித்தால் அது வாக்குமூலமாக இராது, வெறும் கதையாகிவிடும். கதைக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அநாமதேயமான துயரம் சபைக்கு இதமானது. 'பாவம், மக்கள்' என்று கண் கலங்கிவிட்டு வீடு செல்லலாம். 'பொகவந்தலாவையில், இன்ன லயத்தில், இன்ன பெயருடைய ஒருத்தி' என்றவுடன் அவள் இன்றும் அங்கேதான் இருக்கிறாளா, அவள் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்ற கேள்விகள் எழும். பெயர் புகழுக்காக மாத்திரம் வேண்டப்படுவதன்று. கேட்டவரைப் பொறுப்பாளியாக்குவதற்காகவும் வேண்டப்படுகிறது.

இவ்வளவுகோலால் நோக்கினால் கடன்வாங்கியோருக்கிடையே வேறுபாடு தெரியும். அறிவு தம் பாட்டியை ஒளிக்கவில்லை. பாட்டுக்குள்ளேயே அவர் பெயரை வைத்தார். 2024 இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கும் 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார். கடனைச் சொல்லிக்கொண்டு வாங்குபவன் பரம்பரையை நீட்டுகிறான். சொல்லாமல் வாங்குபவன் அதை அறுக்கிறான். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோன் தன் பெயர் குறிக்கப்படக் கோரும் உரிமையை ஏற்றுள்ளது. ஆனால் லயத்துத் திண்ணையிலே பாடிய தாலாட்டுக்குப் பதிவேது, பத்திரமேது? சட்டம் எட்டாத அந்த இடத்திலே தான் அறம் தொடங்குகிறது.

என் குற்றம் பெயரை விட்டதோடு நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய மொழியையும் நான் மாற்றினேன். யாழ்ப்பாணத்துப் பேச்சு மேடையேறினால் மண்வாசனை என்கிறோம்; மலையகத்துப் பேச்சு வந்தால் கொச்சை என்கிறோம். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் ஆசிரியராக அமர்ந்த என்போன்றோரின் செவியிலே ஒரு தராசு தொங்குகிறது. அத்தராசில் அச்சிறுவனின் சொல் நிறை குறைந்து போயிற்று. நான் அரைப்பேர் எழுதினேன். பிறகு அதையும் அழித்தேன்.

சென்ற விடுமுறைக்கு அவன் தோட்டத்துக்குப் போனபோது, இக்கட்டுரையிலே அவன் அப்பாயியின் பெயரை எழுதலாமா என்று கேட்டு வரச்சொன்னேன். திரும்பிவந்து அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்.

"பொஸ்தகத்துல எல்லாம் பேரு வேணாம்னு சொல்லச் சொன்னாங்க, சேர். அந்தப் பள்ளிக்கூடத்து மேடையில ஒருக்கா சொன்னாப் போதுமாம்."

அதனாலேயே அப்பெயர் இங்கு இல்லை. பெயரைத் துறப்பது வேறு, பறிகொடுப்பது வேறு என்பதை அம்மூதாட்டியிடமிருந்து கற்றேன். துறப்பதற்கும் முதலில் அது தன் கையில் இருக்க வேண்டும். எங்கே வேண்டாம், எங்கே வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவளுடையது. அதனை அவள் தெளிவாகவே பயன்படுத்திவிட்டாள்.

இவ்வாண்டு முத்தமிழ் விழாவுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. பழைய அப்பியாசக் கொப்பியைக் கேட்டிருக்கிறேன். சிவப்பு மையால் நான் வெட்டிய சொற்களை அவனே மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறான். இம்முறை பாடுபவன் அவன். மேடையோரத்திலே தப்படிக்க ஆள் தேவைப்பட்டால், நான் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.